குவாட்டர் கணக்கு

"கிராம சபையில தீர்மானம் போட்டா கடை போயிடுமா சார்?"

கேட்டவர் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு மகளிர் குழுவை நடத்துகிறவர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் நேரம். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. பேச்சு இரண்டாவது டீயையும் தாண்டிப் போனது.

தீர்மானம் போடுங்கள் என்றேன். ஆனால் அதை நம்பி மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். டாஸ்மாக் கடை எங்கே வரலாம் என்பதற்கு 2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகள் இருக்கின்றன. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் என்றால் ஊராட்சிப் பகுதியில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர் போதும். ஊர் வேண்டாமென்றால் கடை கூடாது என்று அந்த விதிகளில் ஒரு வரியும் கிடையாது. முடிவு கலெக்டர் கையிலும் டாஸ்மாக் நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது.

மகாராஷ்டிராவில் வேறு மாதிரி. ஒரு ஊரிலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அரசு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் கடையை மூட வேண்டியதுதான். "அப்படி ஒண்ணு இங்க வந்தா நாங்களே ஜெயிச்சுடுவோம் சார்" என்றார் அந்த அம்மா. ஜெயிப்பார்கள். அதனால்தான் இங்கே வரவில்லையோ என்னவோ.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிராம சபை கூடும் நாட்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்குமே டாஸ்மாக்குக்கு விடுமுறை. கடைக்கு எதிராக ஊர் கூடிக் கை தூக்கும்போது கடை ஷட்டர் இறங்கியிருக்கும். முந்தின நாளே வாங்கிப் பதுக்கியது பிளாக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடையை மூடினால் அது எங்கே போகும் என்பதை 2017-லேயே பார்த்துவிட்டோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான், வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தது. மக்கள்தொகை 20 ஆயிரத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். 2017 ஏப்ரல் பிறந்தபோது தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடிக் கிடந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டி யாரும் சாகக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நோக்கம். அதிகாரிகளோ டேப்பைப் பிடித்துக்கொண்டு சாலையிலிருந்து உள்ளே நடந்தார்கள். இந்தச் சாலை மாதிரி மாநில நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் ஊர்களில் 220 மீட்டர் உள்ளே போனால் என்ன இருக்கும்? வீடு, பால்வாடி, மாரியம்மன் கோயில் தெரு. அந்தக் கோடை முழுக்க ஊருக்கு ஊர் பெண்கள் புதுக் கடைகளின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலுக்கு வந்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். நகராட்சி எல்லைக்குள் இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது என்று ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, நகரங்களில் பல கடைகள் பழைய இடத்துக்கே திரும்பின.

அதனால் மனுவில் 'மூடுங்கள்' என்பதோடு, 'ஊருக்குள் வேறு இடத்துக்கும் மாற்றாதீர்கள்' என்றும் எழுதச் சொன்னேன். பள்ளிக்கூட கேட்டிலிருந்து கடை வாசல் வரை அளந்து, மீட்டர் கணக்கைப் போடுங்கள். பகல் 12 மணிக்கு முன்னால் எங்கே பாட்டில் கைமாறுகிறது என்பதையும் போடுங்கள். 2016-லிருந்து கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரைதான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து ஆள் வெளியே வருவது விடிகாலையில். தூக்கம் வரவேண்டுமே என்று அந்த நேரத்தில் தேடுகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் பிளாக்தான். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பாதியில் கலைந்தும் விடும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அடுத்த ஷிஃப்டுக்கு முன்னால் இன்னொரு கட்டிங் கேட்கும். கடையை எதிர்த்துப் பத்து வருஷம் போராடலாம். விடிகாலை பிளாக்கை, மதுவிலக்குப் புகார் எண்ணான 10581-க்கு ஒரு போன் போட்டுத் தொந்தரவு செய்ய முடியும்.

பேச்சு திரும்பியது அடுத்து அவர் சொன்னதில்தான். "குழுவுல பாதிப் பேரு, 'எங்க வூட்டுக்காரரு ஒரு குவாட்டர்தான் போடறாரு, அவரு குடிகாரர் கெடையாது'ன்றாங்க சார். அவங்ககிட்ட போய் நான் இன்னா பேசறது?"

குவாட்டர் என்றால் 180 மில்லி. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பிராந்தியோ ரம்மோ 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180-ல் 42.8 சதவீதம் 77 மில்லி சுத்த ஆல்கஹால். தண்ணீரைவிட லேசானது அது. எடை போட்டால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் மிதமிஞ்சிய குடி என்று கணக்கு வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை அப்படிக் குடித்தாலே அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். நம் ஆள் 'ஒரு குவாட்டர்தான்' என்று சொல்லும் அளவு கிட்டத்தட்ட கிராம் பிசகாமல் அந்தக் கோட்டில் போய் நிற்கிறது. தினமும்.

அந்த அம்மா மொபைலை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். ஸ்ட்ராங் பீர் என்றால் 650 மில்லி பாட்டிலில், 8 சதவீதத்தில், 40 கிராம் சொச்சம் வரும். 'பீருதானே' என்று இளவட்டங்கள் ஆளுக்கு இரண்டு முடித்தால் குவாட்டரைத் தாண்டியாயிற்று. கடையில் பிராந்தி, ரம் வகையில் ஆகச் சின்ன பாட்டிலே குவாட்டர்தான். 2023-ல் 90 மில்லி பாக்கெட் கொண்டுவரலாமா என்று அமைச்சர் முத்துசாமி பேசியபோது எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. பள்ளிக்கூடப் பையன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவானே என்ற பயம் நியாயமானது. ஆனால் கட்டிங்குக்குப் பங்காளி கிடைக்காத ஆள் முழு பாட்டிலையும் தானே முடிக்கிறார் என்பதும் கடைவாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, வீட்டில் பேச வேண்டியது அவர் குடிகாரரா இல்லையா என்பதில்லை. எவ்வளவு, எத்தனை நாள், விட்டால் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான். இதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் உண்டு, ஆடிட் என்பார்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் ஆகும் என்று இருந்ததா, ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதா, உங்கள் குடியால் யாருக்காவது அடிபட்டதா, வீட்டிலோ டாக்டரோ குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்ற மாதிரியான கேள்விகள். மொத்தம் 40 மார்க். எட்டைத் தொட்டாலே கவனம் தேவை. 20-ஐத் தொட்டால் உடம்பு மதுவுக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் போக வேண்டும்.

நடுவில் இருப்பவர்களுக்குப் பேச்சே மருந்தாகிறது என்பதை கோவாவில் காட்டினார்கள். சங்கத் என்ற அமைப்பு பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த ஆண்கள் 377 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேச்சு. பேசியவர்கள் டாக்டரும் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் பேச்சு கிடைத்த பக்கம் 36 சதவீதம், கிடைக்காத பக்கம் 26. நூற்றுக்குப் பத்துப் பேர்தான் கூடுதல். ஆனால் பேச்சுக்கு உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஆன செலவு, பயிற்சி பெற்ற ஓர் ஆளின் சில மணி நேரம்.

20-ஐத் தொட்டவர், தாண்டியவர் விஷயத்தில் பேச்சை நம்பக் கூடாது. அங்கே ஊர் செய்கிற நல்ல காரியமே ஆபத்தாக முடியலாம். கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது, ரூமில் போட்டுப் பூட்டிவைப்பது, மாலை போடச் சொல்வது எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். வருஷக்கணக்காகத் தினம் குடித்த உடம்பு சடாரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை உதறும், வேர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத ஆள் தெரியும், சுவரில் பூச்சி ஊரும். இது உயிரைக் குடிக்கும். 'பேய் பிடிச்சிருக்கு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போன வீடுகள் உண்டு. அந்த நிலையில் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் உதறலை அடக்கும் மாத்திரையும் தயமின் ஊசியும் போட்டுச் சில நாளில் கரையேற்றிவிடுவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு கடைகளும் மூடியபோது, வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? கடை மூடியது, உடம்பு மூடவில்லை.

"அப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா முடிஞ்சுதா?" என்றார்.

அங்கேதான் மஞ்சக்குடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கியது டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் அடையாறுப் பக்கம் ஆட்டோக்காரருக்கும் தெரியும். படுக்கையில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினாலும், கிராமத்து ஆள் அவ்வளவு தூரம் வருவதில்லை, வந்தாலும் திரும்பத் திரும்ப வர முடிவதில்லை. எனவே 1980-களின் கடைசியில் அவர்களே இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்குப் போய் முகாம் போட்டார்கள். யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை ஊர்க்காரர்களே சொன்னார்கள். மருந்து, பேச்சு, மனைவிமாருக்குத் தனி வகுப்பு எல்லாம் ஊருக்குள்ளேயே. முகாம் முடிந்த பிறகும் குழு மறுபடி மறுபடி ஊருக்குப் போய்ப் பார்த்தது. சிகிச்சை எடுத்தவர் மறுபடி குடித்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். குடிக்காமல் ஆறு மாதம் போனாலும் தெரியும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது இரண்டாவது. தடுக்கி விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க எந்த ஊரிலும் ஆள் உண்டு. எழுந்து நடப்பவரைக் கவனிக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஆந்திரத்துத் தூபகுண்டா கிராமத்தைப் பற்றியும் கேட்டார். எழுத்தறிவு வகுப்புப் பாடத்திலிருந்து பொறி பிடித்து, 1992-ல் நெல்லூர் மாவட்டப் பெண்கள் சாராயக் கடைகளை விரட்டினார்கள்; 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் தளர்ந்துவிட்டது, கஜானா தாங்கவில்லை. நம் டாஸ்மாக் 2024-25-ல் அரசுக்குக் கொடுத்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதற்கு மேல் அந்தக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சக்குடியை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது, அதுதான் சிக்கல். அங்கே சொந்தபந்தம் இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு ரூமில் ஆறு பேர். ஒருவர் ஒடிசா, ஒருவர் அரியலூர், ஒருவர் பீகார். காண்ட்ராக்ட் மாறினால் ரூம் மாறும். குடித்துவிட்டு கேட்டில் மாட்டினால் மறுநாள் வேலை இல்லை, ஊரும் இல்லை. நாவலூர் மாதிரி வாரியக் குடியிருப்புகளிலோ, சென்னையின் ஆற்றோரத்திலிருந்தும் கால்வாயோரத்திலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வரப்பட்ட குடும்பங்கள். பழைய வேலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆணுக்குப் பாதி நாள் சும்மா, பெண்ணுக்கு பஸ்ஸிலேயே பாதி நாள். இங்கே ஊர் என்று ஒன்று இனிமேல்தான் உண்டாக வேண்டும்.

உண்டாக்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. மகளிர் குழுக் கூட்டம் ஒன்று. மெஸ் இன்னொன்று, மாசக் கணக்கில் சாப்பிடும் பையன் எத்தனை நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பது மெஸ் நடத்தும் அக்காவுக்குத் தெரிந்த மாதிரி சூப்பர்வைசருக்குத் தெரியாது. சம்பள நாள் சாயங்காலம் மூன்றாவது. அன்றைக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு வருகிறவரும், நேராகக் கடைக்குப் போகிறவரும் ஒரே பஸ்ஸில்தான் இறங்குகிறார்கள். அங்கே பேச ஓர் ஆள் வேண்டும். தமிழோடு இந்தியும் தெரிந்திருந்தால் நல்லது. நாடு முழுக்க எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பேச அப்படி ஓர் ஆள் வரும்வரைக்கும் 14446 இருக்கிறது. போதை மறுவாழ்வுக்கான இலவச எண். மனசு சரியில்லை என்று பேச 14416.

"அந்த ஆளுக்குச் சம்பளம் யாரு சார் குடுக்கறது? ஊராட்சியில கேட்டா பைப்பு போடவே காசில்லன்றாங்க."

கம்பெனிகளைக் கேளுங்கள் என்றேன். 2013 கம்பெனிகள் சட்டப்படி ஓரளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். நோய் வராமல் தடுக்கும் மருத்துவமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தச் சாலையில் நடந்தால் எந்தப் பள்ளிக்கூடச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். ஆலோசகரின் நெற்றியில் பெயர் எழுத முடியாது என்பதால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். லீவு போடுகிறவர்களின் கணக்கையும் விபத்துக் கணக்கையும் எச்.ஆர். மேஜையில் வைத்துப் பேசினால் காது கொடுப்பார்கள். சம்பள நாளுக்கு மறுநாள் எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்பது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.