வீட்டுத் தனிமையில் கேஸ் கசிந்தால், மோட்டார் நின்றால்

2020, 2021 ஊரடங்குகளின்போது சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. சில இடங்களில் தகரமே வைத்து அடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு மருந்தும் காய்கறியும் எப்படியோ வந்து சேர்ந்தன. மோட்டார் காயில் எரிந்தால், டாய்லெட் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. பிளம்பரும் எலக்ட்ரீசியனும் வேலைக்கு வர தமிழக அரசு அனுமதித்ததே 2020 மே மாதம்தான். இன்னொரு தொற்று வந்தாலும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கேஸ். கோவிட் வந்த பலருக்கு மோப்பம் போனது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மோப்பம் போயிருந்தால் அந்த எச்சரிக்கை வீண். அதனால் சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். சோப்பு நுரையை ரெகுலேட்டர் ஓரத்திலும் டியூப் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். குமிழ் கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. டியூப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஃபேன் போட்டு விரட்ட நினைத்தால் அந்தப் பொறியே போதும் தீப்பிடிக்க. வெளியே வந்தபிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தனிமையில் இருக்கிறோமே, வெளியே வரலாமா என்று தயங்காதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்றால் போதும். கைக்கு சானிடைசர் தடவிய ஈரத்தோடு அடுப்பருகே போவதும் ஆபத்து. அதில் பெரும்பங்கு ஆல்கஹால்.

கரண்ட் விஷயத்தில், கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. உள்ளே எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் ஆள் வரும்வரை விட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டில் செலவு யாருடையது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் இதைப் பட்டியலே போட்டுச் சொல்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர், வாஷ்பேசின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. பைப் லைன் மாற்றுவது, வயரிங், கட்டடப் பழுது உரிமையாளர் பொறுப்பு. எழுதித் தெரிவித்தும் அவர் செய்யாவிட்டால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பழுதைப் படம் எடுத்து, தேதி தெரியும்படி அனுப்பி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். தொற்று வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த எந்த ஹவுஸ் ஓனருக்கும் உரிமை இல்லை. அந்தச் சட்டமே அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு பெறலாம்.

வெளியே போக முடியாதவரின் பதற்றத்தை நம்பியே பிழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜ் நின்றதும் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறோம். மேலே வருவது மோசடிக்காரர் போட்டு வைத்த எண்ணாக இருக்கலாம். ‘புக்கிங்குக்குப் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள், இந்த ஆப்பை ஏற்றுங்கள்’ என்பார். எனிடெஸ்க் போன்ற ஆப்புகள் வழியாகப் போனையே கைப்பற்றிப் பணம் எடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்திருக்கிறது. வாரண்டி அட்டையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் போய்விட்டால் வங்கிக்கும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள். ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். புகாருக்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு.

வாரண்டி இருந்தும் பழுது பார்க்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வீட்டிலிருந்தபடி இணையம் வழியாக வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வேலைக்கு வருபவரிடம் வீட்டில் தொற்று இருப்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். வராமல் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு. வந்தால் அந்த அறையை முன்கூட்டியே திறந்து காற்றோட்டமாக வைத்து, நீங்கள் வேறு அறையில் இருங்கள். செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் எத்தனை அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. 14420 என்ற எண்ணுக்குச் சொன்னால் உறிஞ்சும் லாரி வரும்.