பச்சை எப்படி மஞ்சளாகிறது?

“வரைபடத்தில் எங்கள் வயல் பச்சையில் இருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?” அண்மையில் வந்த வாசகர் கடிதங்களில் ஊர் வேறு, கையெழுத்து வேறு, கேள்வி மட்டும் இதுதான். நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து, அடுத்த இருபது ஆண்டுக்கான முழுமைத் திட்ட வரைவுகளை நகர் ஊரமைப்புத் துறை ஒவ்வொன்றாக வெளியிட்டு வருகிறது. வரைவு அரசிதழில் வந்த நாளிலிருந்து, எழுத்துமூலம் ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதில் பாதி நாள், வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நம் சர்வே எண்ணைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. மீதி நாள், என்ன எழுதுவது என்ற குழப்பத்தில்.

பச்சை என்றால் என்ன?

விவசாய உபயோக மண்டலம். ‘வேளாண் நிலங்களைப் பாதுகாக்க’ என்று திட்ட அறிக்கை சொல்லும். நடைமுறையில், இதுவரை யாரும் வேறு உபயோகத்துக்கு விண்ணப்பிக்காத நிலம் என்று படித்துக்கொள்ளலாம். பச்சையில் பயிர் வைக்கலாம். பண்ணை வீடு, மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை போடலாம். மனை பிரிக்க முடியாது. விற்கத் தடையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தடை இல்லை. விளைநிலமாகவே விற்கலாம்.

மஞ்சள்?

குடியிருப்பு. அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர், ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள் என்றால் ஏக்கர் கணக்கில் பேசிய விலையைச் சென்ட் கணக்கில் பேசுவார்கள். கோடு ஏன் அந்த வரப்பில் விழுந்தது என்று கேட்டால், மக்கள்தொகைக் கணிப்பைக் காட்டுவார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனதால், அந்தக் கணிப்புகள் இன்னும் 2011ஆம் ஆண்டுக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

இருபது ஆண்டுக்குக் கோடு மாறாது அல்லவா?

மாறும். பலருக்கும் தெரியாத சங்கதி இதுதான். சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஒப்புதல் பெற்ற திட்டத்தையும் பிறகு திருத்த இடம் தருகிறது. அந்த வாசல் வழியாகத்தான் ‘நில உபயோக மாற்றம்’ நடக்கிறது. முழுத் திட்டத்தையும் திறக்க வேண்டாம். ஒரே ஒரு சர்வே எண்ணுக்கு, ஒரே ஒரு உட்பிரிவுக்குக்கூட விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்ட வேண்டும், நாளிதழில் அறிவிப்புத் தர வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் இதற்குத் தரப்படும் அவகாசம் 21 நாள். இருபது ஆண்டுத் திட்டத்துக்கு இரண்டு மாதம். அதை ஓர் இடத்தில் கிழிக்க மூன்று வாரம். நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே அந்தச் சின்னக் கட்டத்தை எந்தக் கீழ்மடைக்காரர் தேடிப் படிக்கப் போகிறார்?

எந்த நிலத்துக்கு மாற்றம் கிடைக்கிறது?

விண்ணப்பம் போனதும் வட்டாட்சியர், வேளாண் இணை இயக்குநர், நீர்வளத் துறை என்று ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் அறிக்கை கேட்கப்படும். இவற்றில் கோப்பைத் திருப்பிப்போடக் கூடியது வேளாண் துறை பதில் சொல்ல வேண்டிய கேள்வி: இந்த நிலம் சாகுபடியில் இருக்கிறதா?

அதற்கு ஆதாரம் அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர், பாசன ஆதாரம், பயிர். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1433இல் பயிர்க் கட்டத்தில் ‘நெல்’. 1434இல் ‘தரிசு’. 1435இலும் ‘தரிசு’. இப்படிச் சில பசலி தொடர்ந்து தரிசு விழுந்துவிட்டால், ‘சாகுபடியில் இல்லை’ என்று அறிக்கை எழுதுவது சுலபம். எழுதுபவர் பொய் சொல்லவில்லை. நிலம் தரிசாகத்தான் கிடக்கிறது. அது ஏன் தரிசானது என்பது அடங்கலில் வராது.

ஏன் தரிசாகிறது? முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும். நிலத்தை முதலீடாக வாங்கியவர் உழமாட்டார், குத்தகைக்கும் விடமாட்டார். இரண்டு மூன்று போகம் இழப்பது அவருக்குப் பெரிதில்லை. கருவேல முள் மண்டினால் அவருக்கு அது கைகொடுக்கும் சாட்சி.

இரண்டாவது காரணம்தான் உறுத்துகிறது. நம் ஏரிப் பாசன ஊர்களில் எல்லா வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மதகிலிருந்து இறங்கும் வாய்க்காலும் அதன் கிளைகளும் புறம்போக்காக அரசுக் கணக்கில் இருக்கும். அதற்குக் கீழே, மேல்வயல் வரப்பில் வாய் வெட்டிக் கீழ்வயலுக்கு விடுவதுதான் வழக்கம். வயலுக்கு வயல் பாயும் இந்தத் தண்ணீருக்கு, சர்வே எண்ணுக்கான புல அளவை வரைபடமான எஃப்.எம்.பி.யில் கோடு இல்லை. கணக்கில் எண் இல்லை. அக்கம்பக்கத்தாரின் வாய்ப்பேச்சும் தலைமுறைப் பழக்கமும்தான் பத்திரம்.

மேல்வயல்காரர் மனை போடுகிறவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றுக்குக் கோப்பு போகும்போது அலுவலர் பார்ப்பது, பதிவேட்டில் உள்ள வாய்க்காலை மனைப்பிரிவு மறிக்கிறதா என்பதை. மறிக்கவில்லை. சான்று வந்துவிடும். மேல்வயலில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, இடுப்பளவுக்கு மேடாக்கி, எல்லைக்கல் நட்டு, தார் ரோடு போடுகிறார்கள். அடுத்த பட்டத்துக்கு ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மதகும் திறந்திருக்கிறது, கீழே உள்ள வயல்களுக்கு மட்டும் வரவில்லை. மழைக்காலத்திலோ நேர்மாறு: மேட்டில் பெய்த மழையெல்லாம் அங்கேதான் வந்து தேங்குகிறது. நாற்று விட்டால் அழுகும், விடாவிட்டால் காயும். அந்த விவசாயி ஒரு போகம் பார்ப்பார், இரண்டு போகம் பார்ப்பார். பிறகு அவருடைய அடங்கலிலும் ‘தரிசு’ விழும்.

இந்த முறை அது மெய்யான தரிசு. யாரும் திட்டமிட்டுப் போட்டதல்ல. ஆனால் அடங்கலைப் பொறுத்தவரை இரண்டு தரிசும் ஒன்றே. புரோக்கர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ‘பக்கத்து நிலம் மஞ்சளாகிவிட்டது, உங்களுடையதோ விளையவில்லை, விண்ணப்பித்தால் உடனே கிடைக்கும்’ என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆக, ஒரு மனைப்பிரிவுக்குத் தந்த அனுமதி, அடியில் இருக்கும் வயல்களுக்கான தகுதிச் சான்றையும் சேர்த்தே தயாரித்துவிடுகிறது.

கோப்பு கோப்பாகப் பிரித்துப் பார்த்தால் எதிலும் குற்றம் காண முடியாது. கிராம நிர்வாக அலுவலர் கண்டதை எழுதினார், வேளாண் துறை அடங்கலைப் படித்தது, நீர்வளத் துறை பதிவேட்டைப் பார்த்தது. ஓர் ஏரியின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டிய காகிதம் முழுமைத் திட்டம் ஒன்றுதான். அதையும் சர்வே எண் சர்வே எண்ணாகப் பிரித்துத் தீர்ப்பதற்கு வழி வைத்துவிட்டால், பிறகு முழுமை எங்கே இருக்கிறது?

திட்ட எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களில்?

மாநிலத்தின் பெரும்பகுதிக்கு முழுமைத் திட்டமே இல்லை. அங்கே பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கென்று 2017இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். புன்செய்க்கு நகர் ஊரமைப்புத் துறையோடு முடிந்துவிடும். இங்கும் அடங்கல்தான் பேசும்.

அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள்?

திட்டம் கல்வெட்டு அல்ல, ஊர் வளர வளர வளைந்துகொடுக்க வேண்டும் என்பார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம். கோவைக்கு 1994இல் ஒப்புதலான திட்டத்துக்கு மறுதிட்டம் வந்தது 2025இல். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1970களைச் சேர்ந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில் வந்தது. தலைமுறைக்கு ஒருமுறை வரும் திட்டத்தை நம்பி, சாலையோரத்தில் ஒரு கடை கட்ட முப்பது ஆண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் திட்டம் தாமதமானால் திட்டத்தை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தாமதத்தையே காரணமாக்கித் தனித்தனி மாற்றங்களை வழக்கமாக்கினால், கட்டணம் கட்டவும் காத்திருக்கவும் வசதி உள்ளவருக்குத்தான் திட்டம் வளையும்.

என் நிலத்தை மட்டும் பச்சையிலேயே பூட்டிவைத்தால் எனக்கு என்ன லாபம்?

கடிதங்களில் வந்த மிக நேர்மையான கேள்வி இது. ஊருக்குச் சோறு வேண்டும், ஏரிக்கு நீர்ப்பிடிப்பு வேண்டும் என்பதற்காக ஒரு விவசாயி தன் நிலத்தின் விலை உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், அந்த விலையை யார் தருவது? நம் திட்டங்களில் இதற்குப் பதில் இல்லை.

பதில் தேடிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மாண்ட்கமரி கவுண்ட்டி. வாஷிங்டன் நகரை ஒட்டியது. 1980இல் அங்கே சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென்று ஒதுக்கினார்கள். ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்றிருந்ததை, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இறுக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் விவசாயிகள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். இழந்ததற்கு ஈடாக, ஐந்து ஏக்கருக்கு ஒரு கட்டட உரிமை என்று கணக்கிட்டு, அந்த உரிமையைத் தனியாக விற்க அனுமதித்தார்கள். நகரப் பகுதியில் கூடுதல் வீடு கட்ட விரும்பும் நிறுவனம் அதை விவசாயியிடம் வாங்க வேண்டும். பணம் விவசாயிக்கு, நிலம் அவர் பெயரிலேயே, விளைநிலமாகவே இருக்கும். அங்கும் எல்லாம் சீராக நடக்கவில்லை. உரிமைகளை வாங்க ஆள் குறைந்து, விலை இறங்கிய காலங்கள் உண்டு. ஆனால் பச்சையில் பூட்டப்பட்டவருக்கு ஏதோ கைக்கு வந்தது.

தமிழ்நாட்டிலும் வளர்ச்சி உரிமை மாற்றம் விதிகளில் இருக்கிறது. அது சாலை போன்ற பொதுத் தேவைக்கு இடம் விட்டுக்கொடுப்பவருக்கு. வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு இல்லை.

டெல்டாவில் நிலம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பதால் கவலை இல்லையே?

அந்த மண்டலத்துக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் போன்றவை உண்டு, மனைப்பிரிவு இல்லை.

என் நிலத்தின் நடுவே திட்டச் சாலை என்று கோடு போட்டிருக்கிறார்கள். நிலம் போய்விட்டதா?

இல்லை, கோடு கையகப்படுத்தல் ஆகாது. ஆனால் கோட்டின் மேல் வீடு கட்ட அனுமதி கேட்டால் கிடைக்காது.

ஏரி, ஓடை திட்டத்தில் நீலமாக இருக்கிறது. அதைத் தொட முடியாதுதானே?

100 ஹெக்டேருக்குக் குறையாத ‘சிறப்புத் திட்டம்’ என்று அரசு அறிவித்தால், 2023ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டம் நீர்நிலைகள் அடங்கிய நிலத்துக்கும் வழி திறக்கிறது.

சென்னைக்கு இவ்வளவு தள்ளி இருக்கும் எங்கள் கிராமம் எப்படிச் சென்னைத் திட்டத்தில் வந்தது?

சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிக்கப்பட்டது; உங்கள் ஊர் அதற்குள் விழுந்திருக்கும்.

2016க்கு முன் வாங்கிய அப்ரூவல் இல்லாத மனை?

2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானது என்றால் வரன்முறைப்படுத்த வழி உண்டு. அதற்குப் பின் உருவான மனைப்பிரிவு என்றால் இல்லை.

ஊராட்சித் தலைவர் தட்டிக்கேட்க மாட்டாரா?

2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர் கையில் பொறுப்பு போனது. யாரைத் தட்டிக்கேட்பது என்பதே கேள்வியானது.

ஆட்சேபணையில் என்ன எழுத வேண்டும்?

‘விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் கோப்பில் கிடக்கும். சர்வே எண், உட்பிரிவு, சாகுபடி காட்டும் அடங்கல் நகல் இவற்றோடு, எஃப்.எம்.பி. நகலில் தண்ணீர் வயலுக்கு வயல் வரும் வழியைப் பேனாவால் வரைந்து, கீழ்வயல்காரர்களின் கையெழுத்தும் வாங்கி இணையுங்கள். அரசுக் கணக்கில் இல்லாத அந்த வழி காகிதத்தில் ஏற இது ஒன்றுதான் வாய்ப்பு.

யாரிடம் கொடுப்பது?

உள்ளூர் திட்டக் குழுமத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ நேரில் கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

கொடுத்தால் மாற்றிவிடுவார்களா?

உறுதி இல்லை. ஆனால் நாளை மேல்வயலுக்கு மாற்றம் கேட்டு அறிவிப்பு வரும்போது, நீதிமன்றத்தில் காட்ட ஒப்புகை வைத்திருப்பவரின் பேச்சுக்கும் வாயால் சொல்லிவிட்டு வந்தவரின் பேச்சுக்கும் எடை வேறு.