பல்லுக்காக ப்ளேன் ஏறி வருகிறார்களா? பர்ஸுக்கும் ஒரு காவல் வேண்டும்!

"அம்மா, டிசம்பர்ல வரும்போது அப்படியே பல்லையும் பார்த்துட்டுப் போயிடறேன். இங்கே ஒரு பல் கட்டறதுக்குக் கேக்கற காசுல மெட்ராஸுக்கே வந்துட்டுப் போயிடலாம்!"

வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு போனில் அடிக்கடி காதில் விழும். நியாயமான கணக்குதான். அமெரிக்காவில் ஒரே ஒரு பல் 'இம்ப்ளாண்ட்' வைத்து, மேலே கிரீடமும் போட 3000 முதல் 5000 டாலர் வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள். அதே வேலை சென்னையிலோ கோவையிலோ சில பத்தாயிரம் ரூபாயில் முடிகிறது. நம்ம ஊர் பல் டாக்டர்கள் கைத்திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

அப்புறம் என்ன பிரச்னை?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகள் அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் வருகிறாள். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட். எல்லாம் நல்லபடியாக முடிந்து ஊருக்குத் திரும்புகிறாள். நாலாவது மாதம் ஒன்று ஆட ஆரம்பிக்கிறது. அங்கே இருக்கும் டாக்டர், "நான் வைத்ததில்லையே... எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று தெரியாமல் எப்படிக் கை வைப்பது?" என்கிறார். இங்கே உள்ள கிளினிக்கில், "கவலைப்படாதீங்க, வாங்க, இலவசமாகவே மாத்தித் தர்றோம்" என்கிறார்கள். சரி, போய்வர டிக்கெட்டை யார் தருவது? டிராவல் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்டால், "சிகிச்சைக்காகவே செய்த பயணம், பாலிசியில் வராது" என்று ஒரு வரியில் பதில். மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் ஆகாயத்தில் போயிற்று!

இதில் டாக்டர் மேல் தப்பு இருக்க வேண்டும் என்றே இல்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சில இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டாமல் போவது உண்டு. 'ஒட்டாமல் போனால் செலவு யாருடையது?' என்று முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. கோட்டை விட்டது அங்கேதான்.

அதைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நாட்காட்டி, பிறகு ரேட் கார்டு

பல் வேலை எல்லாம் ஒரே ரகம் இல்லை. க்ளீனிங், சொத்தை அடைப்பது போன்றவை ஒரே நாளில் முடியும். வேர் சிகிச்சை செய்து கிரீடம் போட ஒன்றிரண்டு வாரம் கையில் இருந்தால் நிம்மதி. இம்ப்ளாண்ட் அப்படியில்லை. டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சின்ன திருகாணியை எலும்புக்குள் பதிக்கிறார்கள். டைட்டானியத்தோடு எலும்பு பிணைந்துவிடும் என்பதைக் கண்டு சொன்னவர் ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு அவர் வைத்தார். அந்தப் பிணைப்புக்கு இன்றைக்கும் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது. அதற்கப்புறம்தான் நிரந்தரக் கிரீடம்.

'ஒரே நாளில் பல்' என்று விளம்பரம் வருகிறதே என்பீர்கள். சிலருக்குச் சரிப்படும். எல்லா வாய்க்கும், எல்லா எலும்புக்கும் சரிப்படாது. ஆகவே இம்ப்ளாண்ட் என்றால் இரண்டு பயணம் என்றே கணக்குப் போடுங்கள். இரண்டு டிக்கெட், இரண்டு தடவை லீவு, இத்தனையும் சேர்த்த பிறகும் லாபமாக இருந்தால்தான் அது லாபம். ஒரே ஒரு பல்லுக்காக மட்டும் வருகிறவர்களுக்குப் பல சமயம் கட்டுப்படியாகாது. எப்படியும் ஊருக்கு வருகிறவர்களுக்கும், நாலைந்து பல் வேலை இருப்பவர்களுக்கும்தான் கட்டுப்படியாகும்.

டிராவல் இன்ஷூரன்ஸ் எதற்கு உதவும்?

பலரும் ஏமாறுவது இங்கேதான். பெட்டி தொலைந்தால், விமானம் ரத்தானால், வழியில் எதிர்பாராமல் உடம்புக்கு வந்தால் டிராவல் பாலிசி உதவும். 'எதிர்பாராமல்' என்பதுதான் முக்கியமான வார்த்தை. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சை, அதனால் வரும் சிக்கல் இரண்டையும் சாதாரண டிராவல் பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். பல் விஷயத்தில் அவை தருவது திடீர் வலிக்கு நிவாரணம், விபத்தில் சொந்தப் பல் உடைந்தால் அவசர சிகிச்சை, அதுவும் ஒரு சின்ன உச்சவரம்புக்குள்.

சிகிச்சைக்காகப் பயணம் போகிறவர்களுக்கென்றே, 'சிக்கல் வந்தால் செலவு' தருகிற தனி பாலிசிகள் சில நாடுகளில் உண்டு. அவற்றை சிகிச்சைக்கு முன்பே வாங்கியாக வேண்டும். வாங்குமுன், "பல் சிகிச்சை இதில் சேருமா? திரும்பிப் போக டிக்கெட் தருவீர்களா? எத்தனை மாதம் வரை?" என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் கிளெய்முக்கு உதவாது.

அங்கே இருக்கும் டென்டல் பாலிசி

அமெரிக்காவில் பல்லுக்குத் தனி இன்ஷூரன்ஸ். வருஷத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். பல பாலிசிகளில் அது 1000 முதல் 2000 டாலர்தான். வெளிநாட்டில் செய்த வேலைக்கு அந்தப் பணம் கிடைக்குமா?

பாலிசியைப் பொறுத்தது. 'ஹெச்.எம்.ஓ.' வகையென்றால் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். சென்னை டாக்டருக்கு இடமில்லை. 'பி.பி.ஓ.' வகையில் வெளி டாக்டரிடம் போனாலும் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிற பாலிசிகள் உண்டு. சில பாலிசிகளில் வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கு மட்டும் அனுமதி. கிளம்புவதற்கு முன்பே சிகிச்சைத் திட்டத்தை அனுப்பி, 'எவ்வளவு தருவீர்கள்' என்று எழுத்தில் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம், கேட்டால் சிரிப்பீர்கள். பல்லுக்கு நம்பர் போடுவதில்கூட ஊருக்கு ஊர் வித்தியாசம்! நம்ம டாக்டர் '16' என்று எழுதினால் அது மேல்தாடையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் '16' என்றால் மேலே இடது பக்கம் ஞானப்பல்! நம்ம ஊர் பில்லை அப்படியே அனுப்பினால், "ஞானப்பல்லில் ஏன் கிரீடம்?" என்று கேள்வி வரும், கிளெய்ம் நிற்கும். அதனால் பில்லில் நம்பரோடு நிறுத்தாமல், எந்தத் தாடை, எந்தப் பக்கம், எந்தப் பல் என்று ஆங்கிலத்தில் விளக்கமாக எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தொகை, தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். 'பல் சிகிச்சை, மொத்தம் இவ்வளவு' என்று ஒரே வரியில் பில் வாங்கினால் அதை அலமாரியில் வைக்கலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஹெச்.எஸ்.ஏ.', 'எஃப்.எஸ்.ஏ.' என்று வரி பிடிக்காத மருத்துவச் சேமிப்புக் கணக்கு இருக்கலாம். வெளிநாட்டில் செய்த பல் சிகிச்சைக்கும் அதிலிருந்து பணம் எடுக்கலாம். வெறும் அழகுக்காகப் பல்லை வெளுக்க வைக்கும் செலவு அதில் சேராது. லீவுக்கு வந்த விமான டிக்கெட்டையும் அதில் சேர்க்கப் பார்க்கக் கூடாது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவுக்கு வந்து திட்டமிட்டுச் செய்துகொள்ளும் பல் வேலைக்கு அந்நாட்டு அரசின் 'என்.ஹெச்.எஸ்.' பணம் தராது.

"எங்க வீட்டு மெடிக்ளெய்ம் பாலிசி இருக்கே?" என்கிறீர்களா? நம்ம ஊர் பாலிசிகள் பெரும்பாலும் விபத்தினால் ஏற்பட்ட பல் சிகிச்சையைத்தான் ஏற்கும். சொத்தை, கிரீடம், இம்ப்ளாண்ட் எல்லாம் பொதுவாக வெளியே. வெளிநோயாளி செலவுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டும் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பணத்தை எப்படிக் கட்டுவது?

எல்லாப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். பதிக்கும்போது ஒரு பகுதி, கிரீடம் போடும்போது மீதி என்று பிரித்துக் கட்டுங்கள். நல்ல கிளினிக் எதுவும் இதற்கு முகம் சுளிக்காது.

கட்டுவதை கிரெடிட் கார்டில் கட்டினால் ஒரு தனிப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்தின் 1974-ம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஒப்பந்தப்படி நடக்காவிட்டால், கார்டு கம்பெனியும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கினாலும் இது பொருந்தும் என்று 2007-ல் அந்நாட்டு உச்ச தீர்ப்பு வந்திருக்கிறது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. நடுவில் ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினாலும் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். நேரே கிளினிக்குக்கே கட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கார்டுக்கும், பணம் வாங்கிவிட்டு வேலையே செய்யவில்லை என்றால் முறையிடலாம். 'வேலை சரியில்லை' என்பதை அவர்கள் ஏற்க வைப்பது கஷ்டம்.

தப்பு நடந்துவிட்டால்?

சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, கவனக்குறைவு வேறு. இரண்டாவதற்கு மட்டும்தான் வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று நம் சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. இப்போது நடைமுறையில் உள்ளது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் மூலமாகவும் மனு போடலாம். ஆனால் பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்' என்று இரண்டு டிசம்பரைத் தள்ளினால் வாய்ப்பு போய்விடும்!

டாக்டரின் நடத்தை பற்றிய புகார் மாநில பல் மருத்துவக் கவுன்சிலுக்கு. ஆகவே சிகிச்சைக்கு முன்பே அவருடைய கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உட்கார்ந்தபடி அங்குள்ள கோர்ட்டில் சென்னை டாக்டர் மேல் கேஸ் போட்டு ஜெயிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

கோப்பில் இருக்க வேண்டியவை

* சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, பின் எடுத்த எக்ஸ்ரே.
* இம்ப்ளாண்ட் டப்பாவில் உள்ள ஸ்டிக்கர். கம்பெனி, மாடல், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில்தான். அது இருந்தால் வேறு நாட்டு டாக்டர் துணிந்து கை வைப்பார்.
* வாரண்டிக் கடிதம். கம்பெனி தருவது பெரும்பாலும் பாகத்துக்கு மட்டும். டாக்டர் கட்டணம், மறுபடி வரும் டிக்கெட், அங்கே வேறு டாக்டர் சரிசெய்தால் ஆகும் செலவு, இவை யாருடையது என்று கிளினிக் எழுதித் தரட்டும். 'எங்களுடையது இல்லை' என்று எழுதினாலும் பரவாயில்லை. தெரிந்து செலவு செய்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.
* தனித்தனியாக விவரம் போட்ட பில், ரசீது, மருந்துச் சீட்டு.

இன்னொன்று. கடைசி நாள் வரை வேலை வைத்துக்கொண்டு, தையலோடு ஏர்போர்ட்டுக்கு ஓடாதீர்கள். மேல்தாடையில் சைனஸ் பக்கம் எலும்பு வளர்க்கும் ஆபரேஷன் செய்திருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை விமானம் ஏறவே கூடாது. ஊர் திரும்பிய பிறகு முகம் வீங்கி, ஜுரம் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் காசைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை. உடனே எமர்ஜென்ஸிக்குப் போக வேண்டும். அந்தச் செலவுக்கு உதவக்கூடியது டென்டல் பாலிசி இல்லை, அவர்களுடைய மெடிக்கல் பாலிசி.

நீங்கள் அங்கே போகிறீர்களா?

பேரனைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா கிளம்பும் தாத்தா பாட்டிகளே, உங்கள் பாலிசியும் அவசரப் பல்வலிக்கு மட்டும்தான். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பல்லைக் காட்டி, சொத்தையை அடைத்து, ஆடுகிற கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் உலகத்தில் கிடையாது!

பிள்ளைகள் வரும்போது முறுக்கும் அதிரசமும் செய்து வைப்பது அம்மாக்களின் வேலை. இந்தத் தடவை கூடவே ஒரு காலி ஃபைலையும் எடுத்து வையுங்கள். "பல் டாக்டர்கிட்ட போறியா? இதுல எல்லாக் காகிதத்தையும் வாங்கிட்டு வா கண்ணு" என்று கையில் கொடுங்கள். நல்லபடியாக நடந்தால் அது அலமாரியில் தூங்கட்டும். நடக்காவிட்டால், பல்லோடு பணமும் போகாமல் காப்பாற்றப் போவது அந்த ஃபைல்தான்.