சுழற்காற்று வந்தால் கடையில் எந்த இடம் பத்திரம்?

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி தாண்டிய நேரம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் வாழும் ஜோப்ளின் என்ற ஊரில் கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அப்போது இறங்கிய டொர்னேடோ எனும் சுழற்காற்று 158 பேரைப் பலி வாங்கியது. காயமடைந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

நாம் அறிந்த புயல் வேறு, இது வேறு. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் உடையது. கரையைத் தொடுமுன் நாள்கணக்கில் எச்சரிக்கை கிடைக்கும். சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை போலத் தரைக்கு இறங்குவது. பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் வந்தாலும், சராசரியாக இறப்பவர்கள் 70 பேர் அளவில்தான். மிகச் சிலவே கொலைகாரக் காற்றுகள். ஜோப்ளினில் வீசியது அந்த வகை. வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் அதிகம்.

காற்று ஆளைத் தூக்கிச் சென்று கொல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலோர் சாவது பறந்து வரும் பொருளாலும் இடிந்து விழும் சுவராலும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்காள தேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் ஒரே சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் இறந்தனர். அங்கே தகரக் கூரை வீடுகள் மிகுதி. அந்த வேகத்தில் பறக்கும் தகரம் கத்திக்குச் சமம் என்பதைத் தகரக் கொட்டகையில் சரக்கு வைத்திருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோப்ளினில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடையில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கூரையின் பிடிப்பில் நின்ற உயரமான கான்கிரீட் சுவர்கள் சாய்ந்தன. முன்பக்கம் இருந்தவர்களில் சிலர் மாண்டனர். பின்பக்கத்தில் ஊழியர் பயிற்சிக்கான சிறு அறையில் ஒதுங்கியவர்கள் தப்பினர். அதே ஊரில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சின்னக் கடை ஒன்று முழுவதும் நொறுங்கியது. உள்ளே இருந்த சுமார் 20 பேர் பீர் அடுக்கி வைக்கும் குளிர் அறைக்குள் நெருக்கியடித்துப் புகுந்தனர். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தனர்!

சூட்சுமம் பெரிதல்ல. சிறிய அறையில் நான்கு சுவர்களும் அருகருகே நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன. ஜன்னல் இல்லாததால் கண்ணாடி தெறிப்பதில்லை. அகன்ற கூரையும் முகப்பில் கண்ணாடியும் உள்ள கடை, பார்வைக்கு எத்தனை அழகாக இருந்தாலும், அந்த நேரத்தில் ஆபத்தான இடம். காற்றழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அது தவறு, காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கவே அது வழிசெய்யும். காரில் ஏறி ஓடப் பார்த்தவர்களும் இறந்திருக்கிறார்கள்.

ஜோப்ளினில் சங்கு ஒலிக்காமல் இல்லை. காற்று இறங்குவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. அடிக்கடி கேட்டுப் பழகிய சங்கு என்பதால், உண்மைதானா என்று வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றவர்கள் பலர். கல்லாவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்பவர் எந்த ஊரிலும் இருப்பார். வாடிக்கையாளரோ கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் நகருவார்.

அந்நாட்டின் பெரிய கடைகள் பலவற்றில் கழிவறைக் கதவருகே, சுழற்காற்றின்போது ஒதுங்கும் இடம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.