ஆயில் கூலர்: காற்றா, கூலண்டா?

மே 4-ம் தேதி கத்திரி தொடங்குகிறது. அதற்குள் காருக்கு ஆயில் கூலர் மாட்டிவிட வேண்டுமா, மாட்டினால் காற்றில் ஆறும் வகையா, கூலண்டில் ஆறும் வகையா என்று கேட்டு வாசகர்களின் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கோடைச் சலுகை முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லி கடைக்காரர் நெருக்குவதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆயில் ஏன் சூடாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், உங்கள் காரில் ஒரு கூலர் ஏற்கெனவே இருக்கக்கூடும். டீசல் கார்களிலும் டர்போ பெட்ரோல் கார்களிலும் ஆயில் ஃபில்டரை ஒட்டி, உள்ளங்கை அளவில் ஒரு அலுமினியப் பெட்டி பெரும்பாலும் இருக்கும். உள்ளே மெல்லிய தகடுகள். ஒரு பக்கம் ஆயில் ஓடும், மறுபக்கம் கூலண்ட் ஓடும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஆயிலைவிடக் கூலண்ட் சீக்கிரம் சூடேறுவதால், முதல் சில கிலோமீட்டருக்கு இந்தப் பெட்டி ஆயிலைச் சூடாக்கும். பிறகுதான் அதிலிருந்து சூட்டை வாங்கத் தொடங்கும்.

கூலண்ட் 90 டிகிரியில் இருந்தால் ஆயில் அதற்குக் கீழே இறங்காது. இதைத்தான் விற்பனையாளர்கள் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். சாலையில் ஓடும் காருக்கு இது குறையே இல்லை என்பேன். ஆயில் போதிய சூடு ஏறாமலே ஓடிக்கொண்டிருந்தால், அதில் சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிப் போகாமல் தங்கி, கசடாகிவிடும்.

காற்றில் ஆறும் வகையின் அட்டைப்பெட்டியில் ‘20 டிகிரி குறையும்’ என்று போட்டிருக்கும். எந்த வேகத்தில் என்று போட்டிருக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும் வண்டிக்கு முன்னால் காற்று எங்கே இருக்கிறது? ஆயில் அதிகம் கொதிப்பதும் அங்கேதான். கூலண்ட் வகைக்கு ரேடியேட்டரின் ஃபேன் துணை இருக்கிறது. கிரில்லுக்குப் பின்னால் மாட்டிய காற்று வகைக்குத் தனி ஃபேன் வைக்காவிட்டால், அது வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். ஏசி கண்டன்சருக்கு முன்னால் மாட்டினால் அதற்குப் போகும் காற்றையும் சூடாக்கும்.

கூலண்ட் வகையிலும் என்னைக் கவலைப்பட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. நான் அதிகம் பேச நினைப்பது அதைப் பற்றித்தான். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் சுமார் 3, 4 பார். கூலண்டின் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார். உள்ளே ஒரு தகடோ ரப்பர் வளையமோ விட்டுப்போனால், வண்டி ஓடும்வரை ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். சாவியைத் திருப்பி அணைத்த கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யம். சூடான கூலண்ட்டோ நெடுநேரம் அழுத்தத்தோடு நிற்கும். இப்போது கூலண்ட் ஆயிலுக்குள் கசியும். ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ்கள் ஊதிப்போகும். கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். வெளியே ஒரு சொட்டும் தரையில் விழாது.

கூலண்ட் டப்பாவில் பழுப்பு நிறப் படலத்தைப் பார்த்ததும் பல பட்டறைகளில் ‘ஹெட் கேஸ்கெட் போச்சு’ என்று ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன் கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கூலர் கெடாமலே அடைத்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் 2003 முதல் ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் டீசல் இன்ஜினில் கூலரின் கூலண்ட் பாதை அடைபட்டது. அதைத் தாண்டிக் கூலண்ட் போகவேண்டிய, இன்ஜினுக்குத் திரும்பும் புகையை ஆற்றும் ஈஜிஆர் கூலரும் பழுதானது. ஆயில் சூட்டுக்கும் கூலண்ட் சூட்டுக்கும் 15 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 8 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் அடைப்பு என்று அங்கே மெக்கானிக்குகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிக்காரர்களில் பலர் காற்று வகைக்கு மாறினார்கள். அவர்களுக்கு அது நியாயமான முடிவுதான். நம் ஊரில் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றுபவர்கள் இதே அடைப்பைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறுகலான பாதையில்தான் உப்பு முதலில் படியும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

டேஷ்போர்டு முள் நடுவில் நின்றால் போதுமா? போதாது. அது காட்டுவது கூலண்டை. அதையும் பல கார்களில் ஒரு பெரிய இடைவெளிக்குள் சூடு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்கிற கூலண்ட்? யாருடைய ஆயுள் என்று கேளுங்கள், மாற்றுங்கள்.

காற்று வகை யாருக்கு? இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு.

மாட்டியே தீருவேன் என்றால்? தெர்மோஸ்டாட் உள்ளதாகவும், கல் படாத இடத்திலும். ஹோஸ் ஒன்று பிய்ந்தால் மொத்த ஆயிலும் சாலையில் கொட்டிவிடும்.

வாரன்டி? மாட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கத்திரிக்கு முன் என்னதான் செய்வது? கூலண்டை மாற்றுங்கள், ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள், குறித்த தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். கடைக்காரரின் கெடு போகட்டும்.