இதழியலில் ஆராய்ச்சிப் பட்டம்



மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், "ஜர்னலிசம்" என்று தயங்காமல் விடை கூறும் மாணவியர் இன்று பலர் உண்டு. அவர்களில் சிலர், "அதிலே டாக்டர் பட்டம் வரை படிக்க வேண்டும்" என்றும் சேர்த்துக் கொள்கின்றனர். ஆசை நல்லதுதான். ஆயினும் வழியறியாத ஆசை நம் காலத்தை விழுங்கிவிடும். ஆகவே இதழியலில் ஆராய்ச்சிப் பட்டம் என்பது யாது, அதை எவர் தேர்ந்தெடுக்கலாம், எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரு வேறு படிப்புகள்

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். செய்தியாளர் ஆவதற்கான படிப்பு வேறு; செய்தியை ஆராய்வதற்கான படிப்பு வேறு.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் இதழியல் பள்ளியைத் தொடங்கியது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு, 1912இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. நம் நாட்டின் தலைநகரில் 1965ஆம் ஆண்டு இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் தோன்றியது. பெங்களூரில் பிறந்த ஆசிய இதழியல் கல்லூரி 2000ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தது. இத்தகைய இடங்களில் தரப்படும் பட்டயமும் முதுகலைப் பட்டமும் பெரும்பாலும் தொழிலைக் கற்பிப்பவை. செய்தி சேகரித்தல், எழுதுதல், திருத்துதல், ஒளிப்பதிவு செய்தல் ஆகியவற்றை அங்கே பழகலாம்.

பிஎச்.டி. என்னும் முனைவர் பட்டமோ இவற்றைக் கற்பிப்பதில்லை. அங்கே நாம் செய்தி எழுதுவதில்லை. எழுதப்பட்ட செய்தியைப் பற்றிக் கேள்வி கேட்டு, சான்றுகளோடு விடை காண்கிறோம். நிருபராக வேண்டும் என்ற ஒரே விருப்பம் உடையவளுக்கு முனைவர் பட்டம் தேவையே இல்லை. கல்லூரி ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ விரும்புகிறவளுக்கு அது உற்ற துணை. இந்த வேறுபாட்டை அறியாமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் "நான் நினைத்தது இதுவன்றே!" என்று வருந்துவதை விட, முன்னரே சிந்திப்பது மேல்.

ஆராய்ச்சி என்பது யாது?

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

1968இல் அமெரிக்க அதிபர் தேர்தல் நடைபெற்றபோது, மெக்கோம்ஸ், ஷா என்னும் இரு ஆசிரியர்கள் சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சந்தித்தனர். நாட்டின் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று அவர்களைக் கேட்டனர். அந்நாட்களில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் எவற்றுக்கு மிகுந்த இடம் தந்தன என்பதையும் கணக்கிட்டனர். இரு பட்டியல்களும் பெரிதும் ஒத்திருந்தன! எதைப் பற்றி எண்ணுவது என்பதில் செய்தி ஊடகங்கள் மக்களை வழிநடத்துகின்றன என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1972இல் வெளியான அக்கட்டுரையை உலகெங்கும் இதழியல் மாணவர் இன்றும் பயில்கின்றனர். கேள்வி சிறியது, ஊரும் சிறியது, பயனோ பெரிது.

அடுத்தது பெண்களாகிய நம்மைப் பற்றியது. 1995ஆம் ஆண்டில் 71 நாடுகளில் தன்னார்வலர் பலர் ஒரே நாளின் செய்திகளை எடுத்து, அவற்றில் பேசப்படுவோரும் பேசுவோருமாக இடம் பெற்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினர். நூற்றுக்குப் பதினேழு பேரே பெண்கள்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பணி தொடர்ந்தது. 2020இல் 116 நாடுகளில் எண்ணியபோது நூற்றுக்கு 25 என்று கண்டனர். கால் நூற்றாண்டில் ஏறியது எட்டே எட்டு. இது பட்டத்திற்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் ஆராய்ச்சியின் இயல்பை இது நன்கு காட்டுகிறது. "செய்தியில் பெண்களுக்கு இடமில்லை" என்று குறை கூறுவது எளிது. அதைப் பொறுமையாக எண்ணி, மறுக்க முடியாதபடி நிறுவுவதே ஆராய்ச்சி.

விதிகளும் காலமும்

நம் நாட்டில் முனைவர் பட்டத்திற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர் இதில் சேரலாம். நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெற்றவராயின் 75 விழுக்காடு வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. முன்பு இடைப்படியாக இருந்த எம்.ஃபில். பட்டத்தை இவ்விதிகள் நீக்கிவிட்டன. ஆகவே பழைய மாணவியர் சொல்லும் "முதலில் எம்.ஃபில்., பிறகு பிஎச்.டி." என்ற வழி இனி இல்லை.

படிப்புக்குக் குறைந்த காலம் மூன்றாண்டு, மேல்வரம்பு ஆறாண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டுத் தளர்வும், 240 நாள் வரை மகப்பேற்று விடுப்பும் உண்டு. வேலையில் இருப்போர் தம் அலுவலகத்தின் இசைவுச் சான்று பெற்றுப் பகுதி நேரமாகவும் ஆய்வு செய்யலாம்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை 17 வயதில் முடிப்பவள், மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையும் முடிக்கும்போது வயது 22. ஆய்வு முடியும்போது விரைந்தால் 25, நீண்டால் 28. வீட்டில் திருமணப் பேச்சும், தம்பி தங்கையர் படிப்புச் செலவும் ஒருங்கே எழும் பருவம் அது! அக்காலத்தில் எதற்காகப் படிக்கிறோம் என்று பெற்றோருக்கு விடை கூற இயலாதவள், பாதியில் நிறுத்திவிடும் நிலைக்கு ஆளாகலாம். விடை கூற இயன்றவளுக்கு விதிகளும் உதவித்தொகையும் கைகொடுக்கும்.

உதவித்தொகைக்கு வழி "நெட்" என்னும் தேசியத் தகுதித் தேர்வு. மக்கள் தொடர்பியலும் இதழியலும் அதில் ஒரு பாடம். உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். 2023ஆம் ஆண்டில் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2024 முதல் இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்டத்திற்குச் சேர்க்கவும் வழி செய்யப்பட்டுள்ளது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். "ஊடகமும் சமுதாயமும்" என்பது கேள்வியன்று, அது கடல். "நம் மாவட்டத்து மீனவப் பெண்கள் புயல் எச்சரிக்கையை எதன் வாயிலாக அறிகின்றனர்?" என்பது கேள்வி. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று நம் முன்னோர் சொன்னது ஆய்வுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, நெறியாளரைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரியின் பெயரை விட இது முக்கியம். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையுமே ஏற்கலாம். அவர்களிடம் முன்பு பயின்றோரின் ஆய்வேடுகளை "சோத்கங்கா" என்னும் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். இரண்டு ஆய்வேடுகளைப் படித்தாலே அந்த நெறியாளரின் போக்கு விளங்கும். நமக்கு இவ்வேலை பிடிக்குமா என்பதும் விளங்கும்.

மூன்றாவது, விளம்பரங்களில் மயங்காதீர்கள். அயல்நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இணையவழியில் முனைவர் பட்டம் தருவதாகக் கூறும் கல்வி நிறுவனங்களை நம்ப வேண்டாம், அப்பட்டங்கள் ஏற்கப்படமாட்டா என்று மானியக் குழு 2022ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

நான்காவது, இயன்றால் ஓரிரு ஆண்டுகள் செய்தி நிறுவனம் ஒன்றில் வேலை பாருங்கள். நல்ல கேள்விகள் பல அங்கேதான் பிறக்கின்றன.

முடிவுரை

ஆலந்து நாட்டுக் கார்மேல் சபைக் குரு தீத்துஸ் பிரான்ட்ஸ்மா, நைமேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களின் ஆன்ம ஆலோசகர். நாசிகளின் அறிவிப்புகளை வெளியிட வேண்டாம் என்று கத்தோலிக்கப் பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் சென்று எடுத்துரைத்தார். அதற்காகச் சிறைப்பட்டு, 1942 ஜூலை 26ஆம் நாள் டாக்காவ் முகாமில் உயிர் நீத்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கல்வியும் பத்திரிகையும் உண்மை என்ற ஒன்றுக்கே தொண்டு செய்ய வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

தங்கையரே, பெயருக்கு முன்னால் "முனைவர்" என்ற சொல் வேண்டும் என்பதற்காக இப்பாதையில் செல்லாதீர்கள். உறங்கவிடாத ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால் துணிந்து செல்லுங்கள். அக்கேள்வி இன்றே, நாளைக் காலைச் செய்தித்தாளை விரிக்கும்போதே தோன்றலாம். அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இறைவன் துணை நிற்பாராக!