இதயம் மீள எடுக்கும் நேரம்

மருத்துவப் பரிசோதனையில் இசிஜி எடுத்தால், அந்தத் தாளின் மேல் ஓரத்தில் 'கியூடிசி' என்று ஓர் எண் இருக்கும். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். இந்த எண்ணைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசையில் ஒரு மின் அலை பாய்கிறது. பிறகு அடுத்த அலையை ஏற்கும் நிலைக்குத் தசை மீள வேண்டும். கீழறைகளில் அலை தொடங்கி, தசை மீண்டு முடியும் வரையிலான நேரம்தான் 'கியூடி'.

தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதைப் புரியவைத்தது பால்மரம். இன்று சீவிய மரத்தை ஒருநாள் விட்டுத்தான் மறுபடி சீவுவார்கள். ஓய்வு தராமல் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். இதயத்துக்கும் ஓய்வு வேண்டும். அதன் கணக்கு வினாடியின் சிறு பங்கு.

நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும்போது ஒரு துடிப்புக்கு 1 வினாடி. அதில் மீள்வதற்கு ஏறக்குறைய 0.4 வினாடி போக, 0.6 மிஞ்சும். ஓடும்போது துடிப்பு 120 ஆனால், ஒரு துடிப்புக்கு அரை வினாடிதான். மீளும் நேரமும் குறைகிறது, ஆனால் பாதியாக அல்ல, சுமார் 0.3 வினாடிக்குத்தான். மிஞ்சுவது 0.2. வேகம் கூடும்போது அதிகம் கரைவது ஓய்வு.

வேகத்துக்கு ஏற்ப இந்த நேரம் மாறுவதால், ஒருவரின் அளவை இன்னொருவரோடு ஒப்பிட ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. 1920இல் பாசெட் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 39 இளைஞர்களின் பதிவுகளைக் கொண்டு அதை வகுத்தார். அப்படித் திருத்திய எண்தான் கியூடிசி. துடிப்பு மிக வேகமாக இருந்தால் இந்தச் சூத்திரம் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் பதற்றத்தோடு எடுத்த ஒரே இசிஜியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: வேகம் மாறியவுடன் மீளும் நேரம் முழுதாக மாறிவிடாது. புதிய வேகத்துக்குப் பழக இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். வார இறுதியில் ஜெராய் மலை ஏறுபவர்கள் மெதுவாகத் தொடங்கி, மெதுவாக நிறுத்தினால் இதயத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கும்.

ஆரோக்கியமான இதயம் இதையெல்லாம் தானே சமாளித்துக்கொள்ளும். சிலருக்கோ பிறவியிலேயே மீளும் நேரம் நீளம். ஓடும்போது, நீந்தும்போது, கடிகார மணி திடீரென அலறும்போது அவர்கள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். நம் வீடுகளில் இதை வலிப்பு என்போம், காத்துக்கருப்பு என்போம், பசியாறாமல் போனதால் வந்த மயக்கம் என்போம். இசிஜி எடுக்கத் தோன்றுவதில்லை.

சில ஆண்டிபயாடிக், மனநல மருந்துகளும் இந்த நேரத்தை நீட்டலாம். கடும் வாந்திபேதியில் பொட்டாசியம் குறைந்தாலும் நீளும். கியூடிசி 500 மில்லிவினாடியைத் தாண்டினால் மருத்துவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

ஓடும்போதோ திடுக்கிட்டோ பிள்ளை மயங்கி விழுந்தால், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இசிஜி எடுக்கச் சில நிமிடங்கள் போதும், வலியும் இல்லை. அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும்.